லண்டன் முதல் சிட்னி வரை மூன்றரை மணி நேரம்: எது தடுக்கிறது?

1986 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் நாடாளுமன்றத்தில் பேசும்போது ஒரு கனவை விரித்தார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் வாஷிங்டனில் கிளம்பி இரண்டு மணி நேரத்தில் டோக்கியோ போய்ச் சேரும் விமானம் வந்துவிடக்கூடும் என்றார். அதற்கான எக்ஸ்-30 திட்டம், ஒரு விமானம்கூடப் பறக்காமலேயே 1993-ல் மூடப்பட்டது. ஆனாலும் அந்தக் கனவு ஓயவில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை புது நிறுவனம் ஒன்று வரும், கணினியில் வரைந்த ஊசிமூக்கு விமானத்தின் படம் வரும், கூடவே அதே இரண்டு மணி நேரக் கணக்கும் வரும்.

ஒலியைப் போல ஐந்து மடங்கு, அதாவது மாக் 5 வேகத்தைத் தாண்டினால் அது ஹைப்பர்சோனிக். விமானங்கள் பறக்கும் உயரத்தில் இது மணிக்கு சுமார் 5,300 கி.மீ. இந்த வேகத்தைத் தொடுவது புதிய விஷயமே இல்லை. 1967 அக்டோபரில் பீட் நைட் என்ற விமானி எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் மாக் 6.7 வரை போனார். பத்திரமாகத் தரையிறங்கினார். ஆனால் விமானத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த துடுப்பு வெப்பத்தில் வெந்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. ஒரு தடவை போய்விட்டு வருவதும், தினமும் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு போய்வருவதும் வேறு வேறு. இந்த விஷயத்தின் சிக்கல் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதலில் வெப்பம். காற்றோடு உரசுவதால்தான் விமானம் சுடுகிறது என்று பலரும் நினைக்கிறோம். உராய்வுக்கும் பங்கு உண்டு, ஆனால் மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் பெரிய காரணம் அமுக்கம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதேதான். விலக நேரம் கிடைக்காத காற்று விமானத்தின் முன்னால் நசுங்கிச் சூடாகிறது. இந்தச் சூடு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மாக் 2-ல் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டின் மூக்கு 127 டிகிரி செல்சியஸ் வரை போனது, பறக்கும்போது அதன் உடல் சுமார் 20 செ.மீ. நீண்டது. மாக் 3-க்கு மேல் பறந்த எஸ்ஆர்-71 உளவு விமானத்தை டைட்டானியத்தில் கட்ட வேண்டியிருந்தது. மாக் 5-ல், முன்னால் தேங்கும் காற்று 1,000 டிகிரியைத் தொடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். மாக் 6 என்றால் அந்தக் காற்று 1,500 டிகிரி. ஒரே ஒரு மாக் கூடினதற்கு இந்த விலை!

அப்புறம் எஞ்சின். சாதாரண ஜெட் எஞ்சினில் சுழலும் இலைகள் காற்றை அமுக்கித் தருகின்றன. மாக் 3-ஐ நெருங்கும்போதே உள்ளே வரும் காற்றின் சூடு அந்த இலைகளுக்கு ஆபத்தாகிவிடும். சரி, வேகமே காற்றை அமுக்குகிறது, இலைகள் எதற்கு என்று அவற்றை எடுத்துவிட்டால் அதுதான் ராம்ஜெட். ஆனால் ராம்ஜெட் உள்ளே வரும் காற்றை ஒலிவேகத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் எரிபொருளைக் கலக்கும். மாக் 5-க்கு மேல் காற்றை அப்படி இறக்கினால் அதன் சூடு தாறுமாறாக ஏறும். எரிபொருளை எரித்து மேற்கொண்டு பெறும் உந்துவிசை குறைந்துகொண்டே போகும். அதனால் ஸ்க்ராம்ஜெட் எஞ்சினில் காற்றை அவ்வளவு தடுப்பதில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளைப் பீய்ச்சிப் பற்றவைக்கிறார்கள். காற்று எஞ்சினுக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. கலப்பது, பற்றுவது, எரிந்து முடிவது எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும்.

இது நடக்கும் என்று நிரூபித்தாகிவிட்டது. 2004 நவம்பரில் நாசாவின் எக்ஸ்-43ஏ மாக் 9.6 வரை போனது. எஞ்சின் எரிந்தது சுமார் பத்து விநாடி. 2013 மே மாதம் அமெரிக்க விமானப் படையின் எக்ஸ்-51ஏ மாக் 5.1-ல் 210 விநாடி ஓடியது. இந்தியாவும் இந்தப் பந்தயத்தில் இருக்கிறது: 2016 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோ ராக்கெட் ஒன்று ஸ்க்ராம்ஜெட் எஞ்சின்களை ஐந்து விநாடி இயக்கிப் பார்த்தது. 2025 ஏப்ரலில் டிஆர்டிஓ ஐதராபாத்தில் ஒரு ஸ்க்ராம்ஜெட் எரிகலனை 1,000 விநாடிக்கு மேல் ஓட்டியது, ஆனால் தரையில். சிட்னிக்குப் போகிறவருக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அதாவது சுமார் 10,000 விநாடி எஞ்சின் எரிய வேண்டும். மறுநாளும் எரிய வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ராம்ஜெட்டும் ஸ்க்ராம்ஜெட்டும் நின்ற இடத்திலிருந்து கிளம்பாது. அமெரிக்கச் சோதனைக் கலங்களைப் பெரிய விமானத்திலிருந்து கீழே விட்டு, ராக்கெட்டால் தள்ளித்தான் வேகமேற்றினார்கள். பயணிகள் விமானம் ஓடுபாதையில் எழும்ப டர்போஜெட், பாதி வழியில் ராம்ஜெட், அதற்கும் மேலே போக ஸ்க்ராம்ஜெட் என ஒரே உடலுக்குள் எல்லாம் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடுவானில் மாறவும் வேண்டும். இதைத் தவிர்க்கப் பார்த்தது பிரிட்டனின் ரியாக்‌ஷன் எஞ்சின்ஸ் நிறுவனம். உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்துவிட்டால் இலைகள் உள்ள எஞ்சினே தாங்கும் என்பது அதன் யோசனை. 1,000 டிகிரி காற்றை விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் குளிர்விக்கும் கருவியை உருவாக்கி, 2019-ல் மாக் 5-க்கு இணையான சூட்டில் சோதித்தும் காட்டியது. என் கணிப்பில் இந்தத் துறையிலேயே அழகான யோசனை அதுதான். 2024 அக்டோபர் இறுதியில், பணம் தீர்ந்து அந்த நிறுவனம் திவாலானது.

எரிபொருளுக்குத் திரவ ஹைட்ரஜன் நல்ல தேர்வு. மைனஸ் 253 டிகிரி என்பதால் எஞ்சின் சுவர்களுக்குள் ஓடவிட்டுச் சூட்டை உறிஞ்சச் செய்து, பிறகு எரிக்கலாம். எடைக்கு எடை மண்ணெண்ணெய் வகை எரிபொருளைவிட இரண்டே முக்கால் மடங்கு ஆற்றலும் உண்டு. ஆனால் அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடம் பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் லாப்கேட் ஆய்வில் வரைந்த மாக் 5 விமானம், 300 பயணிகளுக்கு ஏறக்குறைய 140 மீட்டர் நீளம் வந்தது இதனால்தான். அதில் ஜன்னலே கிடையாது. கண்ணாடி வெப்பம் தாங்க வேண்டும் என்பது ஒன்று, இன்னொன்று உயரம். 25, 30 கி.மீ. மேலே கேபினில் காற்றழுத்தம் போனால் ஆக்ஸிஜன் முகமூடி உயிர் காக்காது. சுமார் 19 கி.மீ.க்கு மேலே உடலின் ஈரம் உடல் சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயணிகளுக்கு உறுத்தாத அளவில், புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு முடுக்கத்தோடு மாக் 5-ஐ எட்ட 25 நிமிடமும் 1,150 கி.மீ. தூரமும் ஆகும். வேகத்தைக் குறைக்க மறுபடியும் அவ்வளவு. ஆக 2,300 கி.மீ.க்குக் குறைந்த பயணத்தில் உச்ச வேகத்தைத் தொடவே முடியாது. 17,000 கி.மீ. தள்ளியிருக்கும் சிட்னிக்கு என்றால் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். திரும்புவதும் லேசில்லை. 30 டிகிரி சாய்ந்து வளைந்தால் இன்றைய விமானத்துக்கு 11 கி.மீ. ஆரம் போதும், மாக் 5-ல் அது 400 கி.மீ. பல நாடுகளின் வான்வெளியைக் கடந்துதான் ஒரு வளைவு முடியும்.

வான்வெளி என்றதும் அதிரொலியும், அதாவது ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் தரையில் எழுப்பும் வெடிச்சத்தமும், வந்துவிடுகிறது. 1977-ல் கான்கார்டை பஹ்ரைன் வழியாக சிங்கப்பூருக்கு விட்டபோது மலேசியா எதிர்த்தது, இந்தியாவும் தன் நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க விடவில்லை. அந்தத் தடம் 1980-ல் நின்றுபோனது. ஹைப்பர்சோனிக் விமானத்துக்குக் கடல் வழியே கதி என்றால் சுற்றிப் போவதிலேயே நேரம் போகும். ஹைட்ரஜன் எரிந்து வரும் நீராவியும் தொந்தரவுதான். கீழே மழையாகிவிடும் நீராவி, இந்த விமானங்கள் பறக்கும் அடுக்குமண்டலத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கி வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இவ்வளவுக்கும் பணம் போடுவது யார்? பெரும்பாலும் ராணுவங்கள். ஏவுகணை ஒரே தடவை பறந்தால் போதும், இறங்க வேண்டியதில்லை, டிக்கெட்டும் விற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹெர்மியஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இருபது பேர் பயணிக்கும் மாக் 5 விமானத்தைப் பற்றிப் பேசியது. இப்போது அது முதலில் செய்வது ஆளில்லா ராணுவ விமானங்களை. 2025 மே மாதம் அதன் முதல் சோதனை விமானம் எழும்பி இறங்கியது, ஒலியை மிஞ்சாமலேயே.

மிச்சமாகும் நேரமும் வேகம் கூடக்கூடச் சுருங்குகிறது. சிட்னிப் பயணம் மாக் 2-ல் எட்டு மணி நேரம் என்றால் இன்றைய நேரத்தில் பாதிக்கும் மேல் மிச்சம். மாக் 5-லிருந்து மாக் 10-க்குத் தாவினால் கிடைப்பது இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், அதை விமான நிலைய வரிசையே தின்றுவிடும். அதனால் என் பந்தயம் மாக் 2-க்குக் கீழேதான். அங்கேயும் பாதை சுலபமாக இல்லை. மாக் 1.7-ல் பறக்க பூம் நிறுவனம் திட்டமிடும் ஓவர்ச்சர் விமானத்துக்கு எஞ்சின் செய்யும் முயற்சியிலிருந்து 2022-ல் ரோல்ஸ்-ராய்ஸ் விலகிக்கொண்டது. பூம் இப்போது தன் எஞ்சினைத் தானே வடிவமைத்துக்கொண்டிருக்கிறது.