ஜேர்மனியில் படிப்பு இலவசம், போய்ச் சேர்வது இலவசமில்லை

உயர்தரப் பெறுபேறு வெளியானால் போதும், "ஜேர்மனியில் இலவசமாகப் படிக்கலாம்" என்ற நோட்டீஸ் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கண்ணில் படும். பொய் இல்லை. ஆனால் இலவசம் என்பது பாடக் கட்டணம் மட்டும்தான். அதை நோட்டீசில் போடமாட்டார்கள்.

அங்கே உயர்கல்வி மாநில அரசுகளின் பொறுப்பு. அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் பாடக் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்கும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு என்று சிறு தொகை ஒன்று உண்டு; பல ஊர்களில் பஸ், ரயில் சீசனும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

சரி, பிறகு எங்கே காசு போகிறது? விசாவில். ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. யூரோ 340 ரூபாய் என்று வைத்தாலே 40 இலட்சத்தைத் தாண்டும். இதை முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் போட வேண்டும். போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். ஆகவே இது கட்டணம் இல்லை, உங்கள் சாப்பாட்டுக் காசு. ஆனாலும் நாள் சம்பளக் குடும்பம் ஒன்று அதை ஒரே தடவையில் எங்கே புரட்டுவது? ஜேர்மனியில் போதிய வருமானத்தோடு வாழும் உறவினர் யாராவது உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் தந்தால், கணக்கில் பணம் போடாமலே விண்ணப்பிக்கலாம். அந்த உறவினர் நன்றாக யோசித்துத்தான் கையெழுத்திட வேண்டும். உங்களுக்காக அரசு செலவழிக்க நேர்ந்தால் அதை அவரிடம் அறவிடலாம்.

அடுத்தது மொழி. அரச பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்பு பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான். முதுகலையில் ஆங்கிலப் பாடநெறிகள் தாராளம். உயர்தரம் முடித்தவர் நேரே சேரலாமா, ஒரு வருட முன்தயாரிப்புக் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்பது பாடங்களையும் பெறுபேற்றையும் பொறுத்தது. இலங்கைச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதை 'அனாபின்' என்ற ஜேர்மன் தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ முதல் பட்டத்தை முடித்துவிட்டு முதுகலைக்குப் போவதுதான் நம் பிள்ளைகளுக்குத் தோதான வழி என்பேன். ஜேர்மன் அரசு உதவியோடு இயங்கும் டாட் நிறுவனத்தின் புலமைப்பரிசில்களும் பெரும்பாலும் முதுகலைக்கும் கலாநிதிப் படிப்புக்கும்தான்.

அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க ஏஜென்சி தேவையே இல்லை. பல பல்கலைக்கழகங்கள் 'யூனி-அசிஸ்ட்' என்ற பொதுத் தளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஒக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி நாள். முதுகலைக்குச் சில இடங்களில் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும். ஏஜென்சி ஒரே ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது அரசதா தனியாரா என்று கேளுங்கள். தனியார் என்றால் இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பாவின் ஈபிஎப் காசில் கைவைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

'அவுஸ்பில்டுங்' என்பது பல்கலைக்கழகப் படிப்பு அல்ல, சம்பளத்தோடு தொழில் பயிலும் முறை. நல்ல வழிதான், ஆனால் விசாவே வேறு. அப்புறம், சென்னை யூடியூப்காரர்கள் ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றிதழ்கள் உண்மையா என்று பார்த்துத் தரும் பத்திரம்) கட்டாயம் என்பார்கள். அது இந்தியாவில் படித்தவர்களுக்கு. இலங்கையில் படித்தவர்களுக்கு இல்லை.

மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாட்கள், அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். பட்டம் முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொழும்பில் உள்ள தூதரகம் வழியாக மாணவர் விசா பெற்ற பிறகே புறப்பட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெட்டியைத் திறந்து பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பாருங்கள். அதில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து மாறிய பெயர், பெறுபேற்றுத் தாளில் இன்னொன்று: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம். ஜேர்மன் வகுப்பில் சேரும் நாளிலேயே அந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.