பிளேட்லெட் கவுன்ட் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காத பிள்ளைகள்

மழைக்காலம் வந்தால் பெங்களூரில் டெங்குவும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் பிளேட்லெட் என்ற சொல் இன்று வீட்டுப் பாட்டிகள் வரை எல்லோருக்கும் தெரியும். "எவ்வளவு இருக்கு? ஒரு லட்சத்துக்கு மேலயா? அப்போ பயமில்ல." எண்ணிக்கையைக் கேட்க நன்றாகப் பழகிவிட்டோம். ஆனால் காயத்தை அடைத்து ரத்தத்தை நிறுத்த வேண்டிய அந்தப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டுகின்றனவா என்ற கேள்வியை, இத்தனை வருடம் ரத்தநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்குத் தெரிந்து, எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை. பல நேரம் மருத்துவர்களும் கேட்பதில்லை.

அல்சூரில் பூ கட்டி விற்கிற ஓர் அம்மா, 12 வயது மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். முதல் தடவை வந்த மாதவிலக்கு 19 நாளாக நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 4.6. ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் பழைய ரிப்போர்ட்டுகள் வைத்திருந்தார். இரண்டு வயதிலிருந்தே மூக்கில் ரத்தம், பால் பல் விழுந்த அன்று விடியும்போது தலையணை முழுக்க ரத்தம், எங்கே இடித்தாலும் நீலம் பாரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆஸ்பத்திரி, ஒரு ரத்தப் பரிசோதனை. பிளேட்லெட் 2,80,000, அடுத்ததில் 3,10,000. எல்லாவற்றிலும் யாரோ பேனாவால் வட்டம் போட்டு 'நார்மல்' என்று எழுதியிருந்தார்கள். ரத்தம் உறையும் நேரத்தை அளக்கிற பி.டி. (PT), ஏ.பி.டி.டி. (aPTT) என்ற பரிசோதனைகள் இரண்டும் சரியாகவே இருந்தன. "வயசுக்கு வந்த புதுசுல இப்படித்தான் இருக்கும்" என்று ஓரிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இன்னோரிடத்தில் வயிற்று வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட, குத்திய இடம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிக் கறுத்திருந்தது.

இந்த நோய்க்கு கிளான்ஸ்மன் த்ராம்பஸ்தீனியா என்று பெயர். எட்வார்ட் கிளான்ஸ்மன் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர் 1918இல் இதை விவரித்தார். பிளேட்லெட்டின் மேற்பரப்பில் ஒட்டுவதற்கென்றே ஓர் ஏற்பி, அதாவது கொக்கி மாதிரிப் பிடித்துக்கொள்கிற ஒரு புரதம், உண்டு. செல்கள் ஒட்டிக்கொள்ள உதவுகிற இன்டெக்ரின் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்த அதை நாங்கள் ஜிபி 2பி/3ஏ என்போம். ஒரு பிளேட்லெட்டில் சுமார் 80,000 இருக்கும். சாதாரண நேரத்தில் அது மடங்கிக் கிடக்கும். அப்படித்தான் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற ரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டியாகிவிடும். காயம் பட்டதும் பிளேட்லெட்டுக்குள்ளிருந்து உத்தரவு வர, ஏற்பி நிமிர்ந்து விரிந்து, ரத்தத்தில் மிதக்கிற ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் மறுமுனையை இன்னொரு பிளேட்லெட் பிடிக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டால்தான் காயத்தின் வாய் அடைபடும்.

இதைத்தான் அந்த அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சட்டென்று அவரே சொன்னார்: "பூவும் இருக்கு, நாரும் இருக்கு, முடிச்சு மட்டும் விழல. அப்படித்தானே டாக்டரம்மா?" அதற்கப்புறம் நான் யாருக்கும் வேறு மாதிரி விளக்கியதில்லை. விடியற்காலை கே.ஆர். மார்க்கெட்டில் கிலோ கணக்கில் உதிரிப்பூ வாங்குகிறவருக்கு, கூடை நிறையப் பூ இருப்பதும் அது சரமாக நிற்பதும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். விரல் நுனியில் குத்தி, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் கலக்காமல், வந்த சொட்டை நேராகக் கண்ணாடித் தகட்டில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நல்ல ரத்தத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். இந்தப் பெண்ணின் தகட்டில் ஒன்றுகூடச் சேரவில்லை, எல்லாம் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயில் ரத்தம் பிடித்து உடல் சூட்டில் வைத்தோம். சாதாரணமாக ஓரிரண்டு மணி நேரத்தில் உறைந்த கட்டி சுருங்கி ஒதுங்கும், மஞ்சள் நீர் தனியாகப் பிரியும். இவளுடையது உறைந்தது, ஆனால் ஊற்றிய அளவு அப்படியே நின்றது. கிளான்ஸ்மன் அன்று கவனித்ததும் இந்தச் சுருங்காத கட்டியைத்தான். பிறகு செல்களின் மேற்பரப்பில் என்னென்ன புரதம் இருக்கிறதென்று லேசர் ஒளியில் பார்க்கிற ஃப்ளோ சைட்டோமெட்ரியில், இந்த ஏற்பியின் இரண்டு பாகங்களான சிடி41, சிடி61 பார்த்து உறுதி செய்தோம், ஏற்பி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிளேட்லெட் ஒட்டும் திறனை அளக்கிற அக்ரிகேஷன் டெஸ்ட் வேண்டுமென்றால் ரத்தம் எடுத்த இடத்திலேயே சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். கூரியரில் அனுப்பிச் செய்கிற பரிசோதனை அல்ல அது.

இதே ஏற்பியை வேண்டுமென்றே அடைக்கிற மருந்துகளும் உண்டு. மாரடைப்பில் இதய ரத்தக்குழாயில் பிளேட்லெட்டுகள் கட்டியாகச் சேரும்போது சிலருக்குக் கொடுக்கிற டைரோஃபிபான், நம் ஊரில் எல்லோரும் பயப்படுகிற சுருட்டைவிரியனின் விஷத்திலுள்ள ஒரு சிறு புரதத்தை மாதிரியாக வைத்து உருவானது. அந்தப் புரதம் இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து ஃபைப்ரினோஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஒருவர் உயிரைக் காக்கச் சில மணி நேரம் அடைத்து வைக்கிற பூட்டு, இந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கிடையாது.

உலகத்தில் அரிய நோய்தான். ஆனால் தென்னிந்தியர்களிடையே கூடுதலாகத் தெரிகிறது என்று மருத்துவ நூல்களே சொல்கின்றன, காரணம் சொந்தத்தில் திருமணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும், ஒன்று மட்டும் இருந்தால் பாதி ஏற்பிகளே போதும், அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. இருவருமே அப்படிப்பட்டவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்த அம்மா கட்டியது தன் தாய்மாமனை. மாமியாரே பாட்டி. அந்தப் பாட்டி வார்டு வாசலில் நின்று "உன் ராசி" என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது பாட்டி, உங்கள் வழியாகவும் வந்திருக்கலாம், இதில் யார் குற்றமும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன்.

பிள்ளைக்கு இந்த நோய் இருக்கிறதென்று தெரிந்தால் செய்ய வேண்டியவை பல. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் ஆகாது, காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். சதையில் போடும் ஊசி வேண்டாம், தடுப்பூசியை மெல்லிய ஊசியில் போட்டு பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். காதுகுத்து, பல் பிடுங்குவது என்றால் முதலில் எங்களிடம் வாருங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள், முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை நன்றாக உதவும், ஆனால் சிறுநீரில் ரத்தம் வரும்போது தானாக அதைப் போட்டுவிடக் கூடாது. பெண் குழந்தை என்றால் வயதுக்கு வருவதற்கு முன்பே என்ன செய்வதென்று பேசி வைத்துவிடுவது ரொம்ப முக்கியம்.

பிளேட்லெட் ஏற்றுவதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். இந்த உடல் அந்த ஏற்பியைப் பார்த்ததே இல்லை, அதனால் அந்நியமென்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கலாம். அப்புறம் உண்மையான ஆபத்து வரும்போது ஏற்றுகிற பிளேட்லெட் வேலை செய்யாமல் போய்விடும், ரத்தத்தை உறைய வைக்கிற, மிக விலை உயர்ந்த ஃபேக்டர் 7ஏ ஊசியைத் தேட வேண்டியிருக்கும். எங்களிடம் வந்த அந்தப் பெண்ணுக்கு வேறு வழியில்லாததால் வெள்ளணு நீக்கிய, ஒரே கொடையாளரின் பிளேட்லெட் ஏற்றினோம், ஹார்மோன் மாத்திரையும் சேர்த்தோம். மூன்றாம் நாள் நின்றது. இரும்புச்சத்து மருந்தோடு ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டது.

போன வாரம் அந்த அம்மா அவளுடைய தம்பியையும் கூட்டி வந்திருந்தார். ஆறு வயது, ஒரே ஓட்டம். விரலில் குத்தித் தகட்டில் இழுத்துப் பார்த்தேன், பின்னால் நின்றபடி "கட்டியிருக்கா டாக்டரம்மா?" என்றார். நகர்ந்து அவரையே பார்க்கச் சொன்னேன். கொத்துக் கொத்தாக இருந்தது. அவனிடம் அந்த மரபணு ஒன்று மறைவாக இருக்கிறதா என்பதை அவன் வளர்ந்து கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தேன்.