டீசல் லேஅவுட்டில் ஒரு கரி எஞ்சின்: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மாதிரி ரயில்களைப் பழுது பார்ப்பதும், வீடுகளில் லேஅவுட் (மேசைமேல் மாதிரி ரயில் ஓடும் பாதை, நிலையம் எல்லாம் சேர்ந்த அமைப்பு) போட்டுக் கொடுப்பதும் பாளையங்கோட்டையில் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் டீசல் காலத்து லேஅவுட் வைத்திருப்பவர்கள். சின்ன வயதில் ஏறிப்போன ரயிலைத்தானே யாரும் ஆசையாகச் செய்வார்கள்! எல்லாம் ஓடத் தொடங்கியதும், ஒரு கரி எஞ்சினும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எனக்கு அதில் முழுச் சம்மதம். சக்கரங்களை இணைக்கும் ராடுகள் ஏறி இறங்கி நகர்வதைப் பார்க்கும் சந்தோஷத்தை எந்த டீசலும் தராது. ஆனால் படத்தைப் பார்த்து எஞ்சினை வாங்கிவிட்டு, அது தன் லேஅவுட்டில் என்ன வேலை செய்யப்போகிறது என்று அப்புறம் யோசிக்கிறவர்கள் அதிகம். நல்ல எஞ்சின் ஒன்றின் விலை பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆண்டு. டீசல் வந்த அன்றே கரி எஞ்சின் போய்விடவில்லை. வாரணாசித் தொழிற்சாலை 1964-ல் டீசல் எஞ்சின் கட்டத் தொடங்கியது. சித்தரஞ்சனில் கடைசி அகலப்பாதை (பிராட் கேஜ்) கரி எஞ்சின் 1970-ல்தான் வெளிவந்தது. அதாவது ஒரே ரயில்வேக்கு இரண்டு தொழிற்சாலைகள் ஒரே சமயத்தில் இரண்டு வகையையும் கட்டிக்கொண்டிருந்தன. தண்டவாளத்திலும் அப்படித்தான். ஒரு மீட்டர் அகலப் பாதையான மீட்டர் கேஜில் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின்கள் அறுபதுகளிலேயே வந்துவிட்டன. ஒய்பி, ஒய்ஜி கரி எஞ்சின்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தென்னக ரயில்வேயில் உழைத்தன. ஆகவே எழுபதுகளின் லேஅவுட்டில் இரண்டையும் ஒரே யார்டில் நிறுத்துவது சரித்திரப்படி சரியானதே. உங்கள் லேஅவுட் 2005-ல் நடப்பது என்றால் அதே காட்சி தவறு.

நம் சீமைக் கணக்கு இன்னும் சுவையானது. செங்கோட்டை–கொல்லம் மலைப்பாதையில் பயணிகள் ரயில் 1904-ல் வந்தது, திருச்செந்தூர் லைன் 1923-ல். எல்லாம் மீட்டர் கேஜ். 1981-ல் நாகர்கோவில் பக்கமிருந்து பிராட் கேஜ் திருநெல்வேலிக்கு வந்தது. அதன்பின் நம் ஜங்ஷனில் இரண்டு கேஜும் இருந்தன. எண்பதுகளின் திருநெல்வேலி ஜங்ஷனை மாதிரியாகச் செய்ய நினைப்பவர், கரி எஞ்சினை மீட்டர் கேஜ் பக்கம்தான் விட வேண்டும்.

இங்கே அளவுக் கணக்கு குறுக்கே வரும். நாம் பெரும்பாலும் வாங்கும் மாதிரி ரயில் அளவான எச்ஓ என்பது 1:87, அதாவது நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைக்கான கணக்கு. நம் பிராட் கேஜ் 1,676 மி.மீ.; எச்ஓவில் சரியாகச் செய்தால் 19 மி.மீ.க்குமேல் வரும். நம் ஊரில் எல்லோரும் 16.5-லேயே சமாதானம் செய்துகொள்கிறோம், அது பரவாயில்லை. மீட்டர் கேஜோ 11.5 மி.மீ. வரும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் இருக்கிறது. இரண்டு கேஜையும் காட்ட விரும்பினால் இரண்டு அகலத் தண்டவாளமும் வேண்டும், எஞ்சினும் அதற்கேற்ப. 16.5 மட்டுமே போட்டிருக்கிறவர், அது எந்தக் கேஜ் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு லேஅவுட் முழுக்க அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

ஆண்டு முடிவானதும் வேலை. டீசல் வந்த பல ஊர்களில் பெரிய எக்ஸ்பிரஸ்கள் டீசலுக்குப் போயின. கரி எஞ்சினுக்குப் பாசஞ்சரும் கூட்ஸும் ஷண்டிங்கும் மிஞ்சின. உங்கள் லேஅவுட்டிலும் அப்படியே கொடுங்கள். பாசஞ்சருக்கு ஒய்பி போன்ற 4-6-2, அதாவது முன்னே நான்கு சிறு சக்கரம், நடுவில் இயங்கும் ஆறு சக்கரம், பின்னே இரண்டு. கூட்ஸுக்கு ஒய்ஜி போன்ற 2-8-2. கடைக்குப் போய் ஒரு ஒய்பி கொடுங்கள் என்று கேட்டு வாங்கும் நிலை இன்று இல்லை என்பதால், ஒத்துப்போகும் வெளிநாட்டு மாதிரியைத்தான் பெரும்பாலும் மாற்றியமைக்கிறோம். பலர் பிரிட்டிஷ் எஞ்சினைத் தேடுகிறார்கள். என் கருத்து வேறு. சுதந்திரத்தை ஒட்டி வந்த நம் எஞ்சின் வரிசைகளில் அமெரிக்கச் சாயல் அதிகம். பிராட் கேஜ் பயணிகள் ரயில்களுக்கான டபிள்யூபி கரி எஞ்சின் வரிசையின் முதல் 16 எஞ்சின்களே அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டியவை. உயரமான நடைபலகை, சக்கரங்களும் ராடுகளும் திறந்து தெரியும் தோற்றம், இவை அமெரிக்க லைட் பசிபிக் (4-6-2), லைட் மிகாடோ (2-8-2) மாதிரிகளில் இருக்கின்றன. அதற்குக் கறுப்பு அடித்து, பெரிய முகவிளக்கை மாற்றி, மாட்டுத் தடுப்பைத் திருத்தினால் நம் எஞ்சினின் முகம் வந்துவிடும். அப்புறம் கொஞ்சம் கரியும் துருவும் பூசுங்கள். டீசல் காலத்தின் கடைசிக் கரி எஞ்சினுக்குப் பளபளப்பு பொருந்தாது.

இன்றைய காலத்து லேஅவுட் வைத்திருப்பவர்களும் மனம் தளர வேண்டாம். நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின். குன்னூரிலிருந்து உதகைக்கு ஒய்டிஎம்-4 டீசல். இரண்டும் சந்திக்கும் குன்னூர் நிலையத்தைவிட நல்ல முன்மாதிரி கிடையாது. 1855-ல் கட்டப்பட்ட இஐஆர்-21 நீராவி எஞ்சினைப் பெரம்பூர் லோகோ பணிமனை உயிர்ப்பித்து சிறப்பு ஓட்டங்களுக்கு விட்டதும் நடந்த கதை. அப்படி ஒரு சிறப்பு ரயிலை உங்கள் லைனிலும் விடலாம். மூன்றாவது வழி மலிவானது: பல ஜங்ஷன்களின் வாசலில் மேடை கட்டிப் பழைய எஞ்சினை நிறுத்தியிருப்பார்களே, அது. மோட்டார் போன எஞ்சினைச் சல்லிசாக வாங்கி, சிமென்ட் மேடை செய்து நிறுத்திவிட்டால் போதும். வளைவும் கரண்டும் எதுவும் பார்க்க வேண்டியதில்லை. சிறிய லேஅவுட் வைத்திருக்கும் பலருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஓட வேண்டும் என்றால் வளைவைப் பாருங்கள். கடையில் வாங்கும் ரயில் செட்டோடு வரும் முதல் வட்டத்தின் ஆரம் பெரும்பாலும் 360 முதல் 371 மி.மீ. இரண்டாம் வட்டம் சுமார் 438. டீசலுக்கு அடியிலுள்ள இரண்டு போகிகள் (சக்கரச் சட்டங்கள்) தனித்தனியே திரும்புவதால் அது எப்படியோ சமாளித்துவிடும். கரி எஞ்சினின் பெரிய சக்கரங்கள் ஒரே சட்டத்தில் வரிசையாக நிற்பவை, வளைந்துகொடுக்காது. இரண்டாம் வட்டத்தைவிட ஆரம் குறைந்த வளைவு இருந்தால் 2-8-2 பக்கம் போகாதீர்கள். தண்ணீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் சிறிய டேங்க் எஞ்சின் போதும். இன்னொன்று, வளைவில் எஞ்சினின் முன்பகுதி வெளியே துருத்தும். வளைந்த பிளாட்பாரத்தின் விளிம்பில் சிலிண்டர் உரசி, வெள்ளைக் கோட்டின்மேல் கறுப்புக் கீறல் விழுந்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். எஞ்சினின் நீளத்துக்கு ஓர் அட்டை வெட்டி, பெரிய சக்கரங்களின் இடத்தைக் குறித்து, அந்தக் குறிகள் தண்டவாளத்தின்மேல் நிற்கும்படி வளைவில் நகர்த்திப் பாருங்கள். எங்கே இடிக்கும் என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிடும். குகை வாயில்களிலும் இதைச் செய்ய வேண்டும்.

இழுவையிலும் வித்தியாசம் உண்டு. நல்ல டீசல் மாதிரியில் எல்லாச் சக்கரமும் இயங்கும், உள்ளே கனமான உலோகச் சட்டம். கரி எஞ்சினில் நடுச் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் வண்டி பெரும்பாலும் வெறும் சுமைதான். செங்கோட்டை மலைப்பாதையை மாதிரியாகச் செய்து நூற்றுக்கு நான்கு ஏற்றம் வைத்தால், டீசல் ஏறிய இடத்தில் கரி எஞ்சின் வழுக்கும். ஏற்றத்தை இரண்டுக்குள் வையுங்கள். இல்லையென்றால் பின்னால் ஒரு டீசலைத் தள்ளும் எஞ்சினாகப் போடுங்கள். அந்தப் பாதையில் பின்னாலிருந்து எஞ்சின் தள்ளுவது இன்றும் நடைமுறைதான், ஆகவே பார்க்கிறவர்களுக்கும் நியாயமாகவே இருக்கும்.

கரண்ட் எடுக்கும் சக்கரங்களை எண்ணுங்கள். ஆறு அச்சு டீசலில் பன்னிரண்டு சக்கரமும் கரண்ட் எடுக்கலாம். நான்கு சக்கர ஷண்டிங் எஞ்சினில் நான்குதான், அதிலும் ஒன்றிரண்டுக்கு ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். தண்டவாளம் பிரியும் பாயிண்டின் பிளாஸ்டிக் பகுதியில் வந்ததும் நின்றுவிடும். நம் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வந்துவிடும். தண்டவாளத்தில் அது படிந்தால் சிறிய எஞ்சின் இரண்டடிக்கு ஒரு முறை விக்கும். டெண்டர் சக்கரத்திலும் கரண்ட் எடுக்கும் மாதிரியைத் தேடுங்கள்.

எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையான டர்ன்டேபிள் இல்லாத லேஅவுட்டில் டெண்டர் எஞ்சின் திரும்பிவரும்போது பின்பக்கமாகவே ஓடும். ஷண்டிங்குக்குச் சரி, பாசஞ்சருக்குக் கண்ணை உறுத்தும். இடம் இல்லாதவர்கள் டேங்க் எஞ்சினை எடுக்கலாம், அது எந்தப் பக்கம் ஓடினாலும் உறுத்தாது.

இனி கரண்ட் விஷயம். இது பணத்தோடு உயிரையும் தொட்டது. “அண்ணாச்சி, மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டாந்தான், பிளக்கில் சொருகினதும் டப்புன்னு ஒரு சத்தம்” என்று பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், ஜப்பானில் 100, இங்கே 230. டிரான்ஸ்பார்மரின் அடியில் 100–240 என்று போட்டிருந்தால் தைரியமாகச் சொருகலாம். வெறும் 120 என்றிருந்தால் தொடவே வேண்டாம். தண்டவாளத்துக்கு 12 வோல்ட் டிசி கொடுக்கும் நல்ல கண்ட்ரோலர் ஒன்றை இங்கேயே வாங்குங்கள். குழந்தை தொடும் தண்டவாளத்துக்கு வீட்டில் செய்த டிரான்ஸ்பார்மரை இணைப்பதை நான் எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே இன்சுலேஷன் போய்விட்டால் 230 நேராகத் தண்டவாளத்துக்கு வரும்.

ஜெர்மனியிலிருந்து வரும் பழைய எஞ்சின்களில் வேறு சிக்கல். மார்க்லின் நிறுவனத்தின் முறை மூன்று இணைப்பு ஏசி. நடுவில் பொட்டுப் பொட்டாக இருக்கும் இணைப்பிலிருந்து எஞ்சினின் அடியிலுள்ள நீளப் பட்டை கரண்ட் எடுக்கும். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே இன்சுலேஷன் இருக்காது. நம் இரண்டு தண்டவாள லேஅவுட்டில் வைத்த நிமிஷமே ஷார்ட். எஞ்சினைப் புரட்டி அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே பூஜ்யம் ஓம் காட்டினாலும் அதே பொருள். மார்க்லின் நல்ல எஞ்சின்தான், உங்கள் தண்டவாளத்துக்கு ஆகாது, அவ்வளவே.

டிசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) வைத்திருப்பவர்கள், அந்தக் கட்டளையைப் புரிந்துகொள்ளும் டீகோடர் சில்லைப் போட இடம் இருக்கிறதா, எட்டு முனைச் சாக்கெட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கரி எஞ்சின்கள் சிலவற்றில் மோட்டாரின் ஒரு பிரஷ் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரிக்காமல் டீகோடர் போட்டால் டீகோடர் அப்போதே கருகும். டீகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் சும்மா நிறுத்திவைப்பதும் ஆபத்து: உள்ளே ரீங்காரம் கேட்கும், மோட்டார் சூடாகிக்கொண்டே போகும்.

பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மிக மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகத்தில் எல்லாக் குறையும் மறைந்துவிடும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் நொண்டினால், சக்கரம் அச்சில் நழுவியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். வலப்பக்க ராடும் இடப்பக்க ராடும் 90 பாகை விலகி நிற்க வேண்டும். ஒரு சக்கரம் கொஞ்சம் திரும்பினாலும் ராடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பல்சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இந்த விக்கல் வரும்.

அதைவிடக் கொடியது உலோகச் சட்டத்தின் நோய். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு சேர்ந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே சிதையும். முதலில் சட்டம் இம்மியளவு நீண்டு, உடலின் திருகுத் துளைகள் பொருந்தாமல் போகும். பிறகு மேற்பரப்பில் நரம்பு நரம்பாக வெடிப்பு. கடைசியில் விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். சூடும் ஈரப்பதமும் இதை வேகப்படுத்தும். திருச்செந்தூர், உவரி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதற்கு மருந்து கிடையாது. வேறு சட்டம் கிடைத்தால் மாற்றலாம். அதனால் வாங்கும்போதே அடிப்பக்கத்தை டார்ச் அடித்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

புகை விடும் எஞ்சின்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அந்தப் புகை எண்ணெய் பல வகைகளில் விளக்கெரிக்கும் பாரஃபின் வகை. ஒரு வாய் விழுங்கினால்கூட நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அபாயம் உண்டு. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். புட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எண்ணெய் இல்லாமல் புகைக் கருவியை ஓட்டினால் சூடாக்கும் கம்பி எரிந்துவிடும். அதனால் விளக்கு, புகை இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ள எஞ்சினாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், ராடுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் அது உறையும், நாளடைவில் பிசினாகும். பிளாஸ்டிக்கைத் தின்னாத மாதிரி ரயில் எண்ணெய் தனியாகவே விற்கிறது. அதைக் குண்டூசி முனையில் தொட்டு, ராடின் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டுக்கும் குறைவாக வையுங்கள். தண்டவாளத்தில் வழிந்ததை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகு ஓட்டுங்கள்.