எத்னோஃபைலெட்டிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

உக்ரைன் போர் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2022 மார்ச் 13 அன்று, ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்கள் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். ரஷ்யர், உக்ரைனியர், பெலாரஸியர் எல்லாரும் ஒரே மக்கள், அவர்கள் மண் ஒரே புனித மண், அவர்களுக்கு மாஸ்கோவின் கீழ் ஒரே சபை என்று பேசும் ‘ருஸ்கி மிர்’ (ரஷ்ய உலகம்) கொள்கையை அது மறுத்தது. தவறான அரசியல் என்று சொல்லி விட்டுவிடவில்லை. தப்பறை என்றது. புராட்டஸ்டன்ட் வழக்கில் சொன்னால் வேதப்புரட்டு. அதற்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்காட்டியது 1872இல் ஆயர்கள் கூடிய ஒரு சங்கம் கண்டனம் செய்த எத்னோஃபைலெட்டிசம், அதாவது சபையை இனத்தின் மேல் கட்டும் கொள்கை.

கிரேக்கத்தில் ‘எத்னோஸ்’ என்றால் ஒரு மக்களினம். ‘ஃபைலே’ என்றால் குலம், ஒரே மூதாதை வழி வந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் கூட்டம். 1872 தீர்மானத்தில் இருப்பது ‘ஃபைலெட்டிஸ்மோஸ்’ மட்டும்தான். ‘எத்னோ’ பிறகு ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டு சொல்லும் நம்முடைய பழைய வேதாகமத்தில் ஒரே வசனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 7:9: ‘சகல ஜாதிகளிலும் கோத்திரங்களிலும் ஜனங்களிலும் பாஷைக்காரரிலுமிருந்து’. ஜாதி என்பது எத்னோஸ், கோத்திரம் என்பது ஃபைலே. ஆக, சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஜாதிகோத்திரவாதம்’! மொழிபெயர்த்தவர்கள் காலத்தில் ஜாதி என்றால் இனம், வகை என்ற பரந்த பொருளும் இருந்தது. இன்று அப்படி எழுதினால் யாரும் பல்கேரியாவை நினைக்க மாட்டார்கள்.

பல்கேரியா எங்கிருந்து வந்தது? சொல் பிறந்ததே அந்தத் தகராறில்தான். உதுமானியப் பேரரசில் பல்கேரியர்கள் கான்ஸ்டாண்டிநோபிள் முதுபெரும் தந்தையின் (அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவர்) கீழ் இருந்தார்கள். தனித்து இயங்கிய ஓஹ்ரித் பேராயர்பீடத்தை 1767இல் கலைத்த பிறகு, ஊருக்கு வரும் ஆயர் பெரும்பாலும் கிரேக்கர், பல இடங்களில் வழிபாடும் கிரேக்கத்தில். எங்களுக்கு எங்கள் மொழி பேசும் ஆயர் வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. 1870இல் சுல்தான் அப்துல் அஜீஸ் ஓர் ஆணை போட்டுப் பல்கேரியருக்குத் தனிச் சபை கொடுத்தார். அதில் ஒரு பிரிவுதான் வினை: எந்த மறைமாவட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு ஆர்த்தடாக்ஸ் மக்கள் விரும்பினால் புதிய சபையில் சேரலாம். எல்லை போய்த் தலையெண்ணிக்கை வந்தது. ஆர்த்தடாக்ஸ் மக்களில் கிரேக்கர் பெரும்பான்மையாக இருந்த கான்ஸ்டாண்டிநோபிளிலேயே பல்கேரியரின் தலைமை ஆயர் உட்கார்ந்தார்.

சபைச் சட்டப்படி சிக்கல் இங்கேதான். ஒரு நகருக்கு இரண்டு ஆயர் கூடாது என்பது 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் எட்டாம் விதி. ஆயர் ஊருக்குரியவர், அந்த ஊரில் யார் குடியிருந்தாலும் அவர்களுக்கெல்லாம் அவரே. ஒரே தெருவில் உனக்கு ஓர் ஆயர், எனக்கு ஓர் ஆயர், காரணம் நம் இரத்தம் வேறு என்றால், ஞானஸ்நானத்தைவிடப் பிறப்பு பெரிதாகிவிடுகிறது. 1872 செப்டம்பரில் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கம் இதைத்தான் கண்டித்தது. கிறிஸ்துவின் சபைக்குள் இன வேறுபாடும் இனச் சண்டையும் நற்செய்திக்கு எதிரானவை என்றது, பல்கேரியர்களைப் பிரிவினையாளர் என்று அறிவித்தது.

தீர்ப்பு சரி. தீர்ப்புச் சொன்னவர்கள் யார் என்று பார்த்தால்தான் நெருடுகிறது. சங்கத்தில் இருந்தவர்கள் கிரேக்க ஆயர்கள். தங்கள் மொழியையும் தங்கள் ஆட்களையும் நூறாண்டாகப் பல்கேரியர் மேல் வைத்துவிட்டு, அவர்களைப் பார்த்து ‘இனப்பற்று’ என்றார்கள். எருசலேமின் முதுபெரும் தந்தை இரண்டாம் சிரில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருடைய கிரேக்க ஆயர்களே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். பாலஸ்தீனத்து அரபுக் கிறிஸ்தவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். பல்கேரியர் மேலிருந்த விலக்கு 1945இல்தான் நீங்கியது. ஆனால் கண்டனம் நீங்கவில்லை. 2016இல் கிரேத்தா தீவில் கூடிய ஆர்த்தடாக்ஸ் பெருஞ்சங்கம் அதை மறுபடி பெயர் சொல்லி உறுதிப்படுத்தியது. (ரஷ்ய, பல்கேரிய சபைகள் அந்தச் சங்கத்துக்கு வரவேயில்லை.) இதற்கிடையில் நியூயார்க்கில் கிரேக்கருக்கு ஓர் ஆயர், ரஷ்யருக்கு ஓர் ஆயர் என்று எல்லாரும் அதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கறை இருந்தும் இந்தச் சொல் வேண்டும் என்றே நினைக்கிறேன். தீவிர வலதுசாரி அரசியல் கோயிலுக்குள் வரும்போது ஆயர்கள் வழக்கமாகச் சொல்வது ‘சமாதானம் காப்போம், சபை அரசியல் பேசாது’. எதிராளி பேசுவதோ அரசியல் அல்ல, புனித மண், புனிதப் போர் என்ற இறையியல். 2024 மார்ச்சில் மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில் தலைமையிலான உலக ரஷ்ய மக்கள் மன்றம் உக்ரைன் போரைப் புனிதப் போர் என்றே எழுதியது. அதற்குப் பதிலும் இறையியலாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்மனியில் நாஜி ஆதரவுச் சபைப் போக்கை எதிர்த்து 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்: முதலில் வேத வசனம், அப்புறம் ‘இந்தப் பொய்ப் போதனையை நிராகரிக்கிறோம்’. 2022 அறிக்கையும் அந்த வடிவத்தைத்தான் பின்பற்றியது.

சரி, தமிழில் என்ன? ‘தேசியவாதம்’ பொருந்தாது, அது நாட்டைப் பற்றியது, இது சபையைப் பற்றியது. ‘இனவாதம்’ பக்கத்தில் வருகிறது, ஆனால் பிற இனத்தை வெறுக்காதவரும் இந்தத் தப்பறையில் விழலாம். ‘திருச்சபை இனவாதம்’ என்றால் சபைக்குள் நடக்கும் பாகுபாடு என்று கேட்கிறது. சபையையே இனத்தின் மேல் கட்டுவது என்ற பொருள் நழுவிவிடுகிறது. ‘மொழிவழி மாநிலம்’ என்பது நமக்குப் பழகிய தொடர். அதே அச்சில் ‘இனவழிச் சபை’, அந்தக் கொள்கைக்கு ‘இனவழிச் சபைவாதம்’. நீளம்தான், ஆனால் கேட்டவுடன் புரியும்.

பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. சென்னையில் ஒரே ஆயரின் கீழ் தமிழ் ஆராதனை காலையிலும் மலையாள ஆராதனை மாலையிலும் நடந்தால் அது இனவழிச் சபைவாதம் ஆகாது. 1872 சங்கமே பல மொழி வழிபாட்டைத் தடுக்கவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து எழுப்பிய சுவருக்கும், இலக்கணப்படி பார்த்தால், இந்தச் சொல் பொருந்தாது. அங்கே இரு பக்கத்துக்கும் ஆயர் ஒருவரே. வெளிப்படுத்தின விசேஷத்துப் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் அந்த முதல் சொல்லே அதற்குப் போதும், இன்றைய பொருளில்.