ஒன்பதாவது டிராகன் எங்கே?

சீனாவை ஆண்ட சிங் வம்சப் (1644–1911) பேரரசரின் டிராகன் அங்கியை முன்னால் நின்று பார்த்தாலும் பின்னால் நின்று பார்த்தாலும் ஐந்து டிராகன்கள்தான் தெரியும். இருப்பதோ ஒன்பது. மார்பில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, கீழே முன்னும் பின்னும் இரண்டிரண்டு. எட்டாயிற்று. மிச்சமுள்ள ஒன்று, வலப்பக்கம் பொத்தானிடும் முன்மடிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

அங்கியின் அடிவிளிம்பில் சாய்கோடுகளாகக் கடல்நீர். அதன்மேல் அலைகள், திசைக்கொன்றாக எழும் மலைகள், முகில்கள். கழுத்துத் திறப்பு வானத்தின் வாசல். ஆள் அணிந்து நின்றால்தான் இந்த உலகப்படத்துக்கு நடு அச்சு கிடைக்கும்.

1759இல் சியான்லோங் பேரரசர் காலத்து உடைவிதிகள் 12 சின்னங்களைப் பேரரசருக்கென ஒதுக்கின. இடத்தோளில் சூரியன், அதனுள் மூன்றுகால் பறவை. வலத்தோளில் சந்திரன், அதில் மருந்து இடிக்கும் முயல். டிராகனின் காலில் ஐந்து நகம் இருப்பதும் உயர்நிலைக்கே உரியது. கீழ்நிலையினருக்குப் பரிசாகத் தரும்போது ஒரு நகத்தின் தையலைப் பிரித்துவிடுவது விதி.

பட்டுத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பூவேலை முடிந்த பிறகே வெட்டித் தைப்பார்கள். தறியின் அகலம் போதாததால் நடுவில் இரண்டு துண்டுகளை இணைக்க வேண்டும். அந்த இணைப்பு மார்பு டிராகனின் மூக்கின் மீதே ஓடும். இம்மி விலகினாலும் முகம் கோணிப்போகும்.

சரிகை என்றதும் உலோகக் கம்பி என்று நினைக்க வேண்டாம். மெல்லிய தாளில் தங்கரேக்கை ஒட்டி, நாடாவாக நறுக்கி, பட்டு நூல்மேல் சுற்றியது அது. துணிக்குள் விட்டு இழுத்தால் தாள் கிழியும், தங்கம் உரியும். அதனால் இரண்டிரண்டு இழையாகத் துணியின் மேலேயே படுக்கவைத்து, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே சிறு தையலிட்டு அமுக்குவார்கள். செதில்களின் வளைவில் தையல்கள் நெருங்க வேண்டும். தள்ளிப் போட்டால் இழை தூக்கிக்கொள்ளும். அமுக்கும் நூல் சிவப்பானால் தங்கம் செம்பொன்னாகத் தெரியும். இந்த வேலையின் நேர்த்தியே அந்த நூலில்தான் இருக்கிறது.

ஈரப்பதம் பட்டால் பசை இளகித் தங்கம் உதிரும். கறுப்பு நூலின் கதை இன்னும் மோசம்: இரும்பு உப்பு சேர்த்துக் கறுப்பேற்றிய பட்டில், அந்த இரும்பே நாளடைவில் புரத இழையைச் சிதைக்கிறது. சுற்றிலும் எல்லாம் நன்றாக இருக்க, கறுப்புக் கோடுகள் மட்டும் பொடிந்துபோயிருக்கும். பச்சை என்பது அவுரி நீலத்தின் மேல் ஏற்றிய மஞ்சள். வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் வெளுக்க, பச்சை நீலமாகிறது. அருங்காட்சியகங்களில் இத்தகைய பட்டுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் வைப்பதில்லை. அதுவும் வெளுப்பைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது.