எலுமிச்சைச் சாறு இறைச்சிக்குள் எவ்வளவு ஆழம் போகும்?

மெக்சிகோவின் வடபகுதியில், குறிப்பாகச் சொனோரா, நுவோ லியோன் மாநிலங்களில், ‘கார்னே அசாதா’ என்பது கரியடுப்பில் சுட்ட மாட்டிறைச்சிக்கு மட்டுமன்றி, அதைச் சுட்டு உண்பதற்காக உற்றார் கூடும் நிகழ்வுக்கும் பெயராக வழங்குகிறது. அதற்குப் பெரிதும் விரும்பப்படும் துண்டு ‘அர்ராச்சேரா’ எனப்படும் உதரவிதானத் தசை. மாடு விட்ட ஒவ்வொரு மூச்சுக்கும் உழைத்த தசை என்பதால், அதன் இழைகள் கயிற்றின் புரிகளைப் போல நீண்டு தடித்திருக்கும். சுவை மிகுதி, மென்மை குறைவு.

இந்தக் குறையைப் போக்கவே எலுமிச்சைச் சாறு, பூண்டு, சீரகம், மிளகாய், எண்ணெய், உப்பு ஆகியவற்றில் ஊறவைப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். சொனோராவிலோ உப்பைத் தவிர வேறெதையும் அண்டவிடாதவர்கள் பலர் உண்டு. அறிவியலும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

இரவு முழுதும் சாற்றில் கிடந்த பச்சைத் துண்டொன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், ஓரத்தில் சில மில்லிமீட்டர் அளவுக்கு வெளிறிய சாம்பல் நிறப் பட்டையும், உள்ளே பழைய சிவப்பும் தெரியும். அமிலம் சென்ற தூரம் அந்தப் பட்டைதான். அது புரதச் சங்கிலிகளின் மடிப்பைக் குலைக்கிறதே தவிர, சங்கிலியை வெட்டுவதில்லை. நேரம் கூடினால் மேற்பரப்பு மாவுபோல் குழைந்துவிடும். சங்கிலியை உண்மையிலேயே வெட்டுவது பச்சைப் பப்பாளியில் உள்ள பப்பைன் என்னும் நொதி. இறைச்சியில் பப்பாளிக்காயை அரைத்துப் பூசும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவை உள்ளடக்கிய நடு அமெரிக்கப் பகுதி என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம்.

பூண்டு, சீரகம் ஆகியவற்றின் மணமும் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அர்ராச்சேரா மெல்லிய தகடாக இருப்பதால்தான், மேற்பரப்பின் சுவை ஒவ்வொரு கடியிலும் நாவுக்கு எட்டுகிறது. உப்பு மட்டுமே உள்ளே பயணிக்கிறது. அதன் சிறிய அயனிகள் மெல்ல ஊடுருவி, மயோசின் என்னும் தசைப் புரதத்தை ஓரளவு கரைத்து, சுடும்போது நீர் வடிந்துபோகாமல் பிடித்துவைக்க உதவுகின்றன.

மயோசின் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் இறுகத் தொடங்குகிறது. ஆக்டின் என்னும் மற்றொரு தசைப் புரதம் 66 பாகைக்கு மேல் இறுகும்போது சாறு பெருமளவு வெளியேறி, இறைச்சி வறண்டுபோகிறது. ஆகவே உட்புறம் 55 முதல் 60 பாகைக்குள் இருக்கும்போதே இறக்கிவிடுவது வழக்கம். வெளிப்புறத்துக்கோ நேர்மாறான தேவை உண்டு: பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் மெய்லார்டு வினை விரைந்து நடக்க 140 பாகையளவு வெப்பம் வேண்டும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது என்பதால், ஊறலை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகே தணலில் இட வேண்டும். அந்தத் தணல் பெரும்பாலும் மெஸ்கீட் கரியினுடையது. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மரம் அது.

மென்மையின் பெரும்பங்கு கடைசியில் கத்தியிடமே இருக்கிறது. இழைகளின் குறுக்கே அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கினால், பல் அறுக்க வேண்டிய நீண்ட கயிறுகள் வாய்க்கு வரும் முன்பே துணுக்குகளாகியிருக்கும்.

சுட்ட இறைச்சி 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதமும், ஒரு நாளைக்கு வேண்டிய பி12 வைட்டமினும், எளிதில் உட்கிரகிக்கப்படும் ஹீம் இரும்பும் கிடைக்கின்றன. ஊறல் கூட்டுவது முக்கியமாகச் சோடியத்தைத்தான். சிலர் ஊறலில் சேர்க்கும் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே அது 900 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்போ 2000 மில்லிகிராமுக்கும் கீழே. அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் செவ்விறைச்சியை ‘அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் வகையில் சேர்த்ததையும், கருகும் பகுதியில் தீங்கான சேர்மங்கள் உருவாவதையும் மறைப்பதற்கில்லை.

எலுமிச்சைக்கு உரிய இடம் உணவுத் தட்டுதான் என்பது என் கணிப்பு. உடன் பரிமாறப்படும் அவரைவிதையிலும் மக்காச்சோள டார்ட்டியா ரொட்டியிலும் உள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணைபுரிகிறது. தணல் படாத சாற்றில் அது குறையாமல் இருக்கும்.