வெர்னாச்சா: சொல்லும் பொருளும்

வெர்னாச்சா என்பது இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சான் ஜிமிஞ்ஞானோ என்னும் குன்றூரைச் சுற்றி விளையும் ஒரு வெளிர்நிறத் திராட்சைக்கும், அதிலிருந்து வடிக்கும் இனிப்பற்ற வெள்ளை ஒயினுக்கும் வழங்கும் பெயர். இத்தாலியர் இதனை எழுதும்போது ஈற்றயலில் இடும் இகரம் ஒலிப்பதில்லை. ஆகவே 'வெர்னாச்சியா' என்று எழுதுவது பிழை.

இப்பெயரின் மூலமாகச் சொல்லப்படுவது லத்தீனின் 'வெர்னாகுலுஸ்'. அதற்கு வீட்டிலேயே பிறந்தது, அந்த மண்ணுக்கு உரியது என்று பொருள். 1878இல் ஆங்கிலேயர் இந்திய மொழி இதழ்களை ஒடுக்கக் கொண்டுவந்த வெர்னாகுலர் பத்திரிகைச் சட்டத்தின் பெயரிலும் இருப்பது இதே சொல்தான். லிகூரியக் கடற்கரையின் வெர்னாட்சா என்னும் ஊரே மூலம் என்பாரும் உளர். எனினும் நாம் நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி என்பதுபோல, உள்ளூர்க்காரர் தம் கொடியை 'நாட்டுத் திராட்சை' என்று அழைத்தனர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் சார்டினியாவின் ஒரிஸ்தானோவிலும் ஒரு வெர்னாச்சா உண்டு. மார்க்கே மாநிலத்தின் செர்ராபெத்ரோனாவில் அதே பெயரில் நுரைக்கும் சிவப்பு ஒயினே உண்டு. பெயர் ஒன்றாயினும் இவை வெவ்வேறு திராட்சைகள். விலாங்கு மீனையும் வெர்னாச்சாவையும் மிகுதியாகச் சுவைத்த திருத்தந்தை நான்காம் மார்ட்டின், இறந்தோர் பாவம் கழிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பட்டினியால் அதற்கு ஈடுசெய்வதாக இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடுகிறார். விலாங்கு பொல்சேனா ஏரியுடையது என்று சொன்ன கவிஞர், ஒயினுக்கு ஊர் சொல்லவில்லை. இந்தக் குழப்பம் நேராதிருக்க ஊர்ப்பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சான் ஜிமிஞ்ஞானோ வெர்னாச்சா 1966இல் இத்தாலியின் தோற்றப்பெயர்ப் பாதுகாப்பை முதன்முதலில் பெற்றது. 1993இல் அதனினும் உயர்ந்த தகுதியை அடைந்தது. இப்பெயரைத் தாங்க, குறைந்தது 85 விழுக்காடு இத்திராட்சை இருக்க வேண்டும்.

கிண்ணத்தில் வைக்கோலின் இளமஞ்சளாக நிற்கும் இவ்வொயின், விழுங்கியபின் நாவின் அடியில் பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பை விட்டுச் செல்லும். இத்தகைய ஒயினை ஆங்கிலத்தில் 'டிரை' (dry) என்பர். அதை 'உலர் ஒயின்' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. திராட்சையின் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் நொதித்துவிட்டது என்பதே அங்கே கருத்து. 'உலர்' என்றாலோ தமிழ்க் காதில் உலர்திராட்சைதான் ஒலிக்கும். அதே டஸ்கனியில், உலர்த்திய திராட்சையில் வடிக்கும் வின் சாந்தோ பெரும்பாலும் இனிப்பாக இருப்பதால், குழப்பம் இருமடங்காகும். 'இனிப்பற்ற' என்பதே போதும்.

ஒயினுக்கு நம்மிடம் தேறல் உண்டு. தேறுதல் என்பது கலங்கல் அடங்கித் தெளிதல். 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டு, கடல்கடந்து வந்த மதுவையே அச்சொல்லால் சுட்டுகிறது. ஆகவே பெயரை மொழிபெயர்க்காமல் 'சான் ஜிமிஞ்ஞானோ வெர்னாச்சா' என்றும், வகையை 'இனிப்பற்ற வெண்தேறல்' என்றும் எழுதலாம். புணர்ச்சி விதிப்படி 'வெண்டேறல்' என்பதே முறை. படிப்போர் எளிதில் அறியும் பொருட்டு இங்கே பிரித்து எழுதினேன்.